ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். புத்தகப் படிப்பை மட்டும் நம்பியிருப்பவனைக் கேலி செய்ய ஏற்பட்ட பழமொழி அது. சமையல் புத்தகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும், புத்தகக் கடையில் சமையல் நூல்கள் அடுக்கியிருக்கும் பலகைக்கு எதிரே நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுரைக்காய்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எத்தனை சுரைக்காய்! வர்ணப் படம் போட்டவை, வழவழக் காகிதத்தில் அச்சிட்டவை, முப்பது நாளும் முப்பது குழம்பு சொல்லிக் கொடுப்பவை! இவற்றை ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறவர்களின் வீடுகளில் எத்தனை பக்கம் அடுப்பு வரைக்கும் போய்ச் சேருகிறது?

இதைத் தெரிந்துகொள்ள ஜனக் கணக்கெடுப்பு ஒன்றும் நடத்த வேண்டியதில்லை. புத்தகமே சாட்சி சொல்லிவிடும். உங்கள் வீட்டுச் சமையல் புத்தகத்தை எடுத்து, அதன் முதுகு மேசையின் மேல் படும்படி நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாக ஒரு பக்கத்தில் விரிந்து விழும். அந்தப் பக்கத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கும். மஞ்சள் பூசிய விரலின் அடையாளம் இருக்கும். புளித் தண்ணீர் ஒரு சொட்டுக் காய்ந்திருக்கும். முந்நூறு பக்கப் புத்தகத்தில் அப்படிப்பட்ட பக்கம் மூன்று இருந்தால் அதிகம். மற்றவை எல்லாம் பிரிக்காத கல்யாணப் பத்திரிகையைப் போல் சுத்தமாக இருக்கும்.

என் அலமாரியில் ஐம்பதுக்குக் குறையாத சமையல் நூல்கள் இருக்கின்றன. கறை பட்டவை இரண்டே. வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, “இத்தனையும் பார்த்துச் சமைப்பீர்களா?” என்று கேட்கிறார்கள். துப்பறியும் நாவல் இருபது வைத்திருப்பவரிடம், “இதுவரை எத்தனை கொலை செய்திருக்கிறீர்கள்?” என்று யாரும் கேட்பதில்லை. சமையல் நூல் வைத்திருப்பவரிடம் மட்டும் இந்தக் கேள்வி எழுகிறது. காரணம் உண்டு. நாவல் படிப்பதற்காக ஏற்பட்டது. சமையல் நூல் செய்வதற்காக ஏற்பட்டது என்று எல்லோரும் நம்புகிறோம்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று சரித்திரத்தைக் கேட்டால், வேடிக்கையான பதில் கிடைக்கிறது.

நம்முடைய பாஷையிலேயே தொடங்கலாம். சமையல் நூலுக்கு மடைநூல் என்று பழந்தமிழில் அழகான பெயர் ஒன்று இருந்தது. நாடக மகளிர் கற்க வேண்டிய கலைகளை வரிசையாகச் சொல்லும்போது மணிமேகலை அதையும் சேர்த்துச் சொல்கிறது. அதற்கும் முந்திய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை விருந்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அருச்சுனனுடைய அண்ணன் பீமசேனன் இயற்றிய நுட்பமான நூலின் முறை வழுவாமல் பலவகை உணவு சமைத்துப் போடுவார்களாம். அரசனே பக்கத்தில் நின்று பரிமாறுவானாம்.

இதைச் சொல்லுகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். அரண்மனைச் சமையற்காரன் அல்ல. ஓர் ஏழைப் பாணன். பரிசு பெற்றுத் திரும்புகிற அவன், எதிரே வருகிற இன்னோர் ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிறான். அதே பாட்டில் முன்னால் அவனுடைய வீட்டு அடுப்பங்கரையும் வருகிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய் ஒன்று பாலில்லாமல் அங்கே குரைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, போட உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, பார்த்துவிட்டால் பழிப்பார்களே என்று வெட்கப்பட்டு, வாசற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தாரோடு அதைத் தின்கிறாள்.

சமையல் நூலைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பேச்சுக்களில் இது ஒன்று. அந்தப் பீமனுடைய நூலை யாரும் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டு சமைத்தவர் யாரும் வந்து சாட்சி சொல்லவும் இல்லை. உப்பில்லாக் கீரை தின்றவன்தான் அதன் பெருமையைப் பேசுகிறான். இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குச் சமையல் நூல் ராஜாக்களின் சொத்தாக இருந்தது. மால்வா தேசத்தில் மாண்டு நகரத்தை ஆண்ட கியாஸ்-உத்-தீன் ஷா தொடங்கிவைக்க, அவன் மகன் காலத்தில் 1500-ஐ ஒட்டி முடிந்த நிமத்நாமா என்ற பாரசீகச் சுவடி இன்றைக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சமோசா எத்தனையோ விதம் அதில் சொல்லியிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சித்திரம் வேறு. ஒன்றில் சமைக்கிறார்கள், ஒன்றில் வடிக்கிறார்கள். பெரிய மீசையுடன் ஷா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தங்க மை வேலைப்பாட்டை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோக யாருக்குத் துணிச்சல் வந்திருக்கும்? தஞ்சாவூர் மராத்திய அரண்மனைச் சமையலைப் பற்றிய சரபேந்திர பாகசாஸ்திரமும் நமக்கு வந்து சேர்ந்தது சரஸ்வதி மகால் நூலகத்தின் வழியாகத்தான். ரோமாபுரிக்காரர்களுக்கு அப்பிசியஸ் என்ற பெயரில் ஒரு சமையல் நூல் உண்டு. அதில் மிளகு போடு, தேன் விடு என்று இருக்குமே தவிர, எவ்வளவு என்று அநேகமாக இராது. தெரிந்தவனுக்கு அளவு வேண்டாம். தெரியாதவனுக்கு அந்தப் புத்தகம் உதவாது!

ஆக, அந்தக் காலத்தில் நூலை வைத்திருந்தவர் சமைக்கவில்லை. சமைத்தவருக்கு நூல் தேவைப்படவில்லை.

இந்த நிலைமை நம் சென்னைப் பட்டணத்திலேயே நடந்ததற்கு அச்சடித்த சாட்சி இருக்கிறது. 1878-ல் ஹிக்கின்பாதம்ஸார் ஒரு சமையல் நூல் வெளியிட்டார்கள். எழுதியவர் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி. ‘வைவர்ன்’ என்பது அவருடைய புனைபெயர். சென்னையில் வசிக்கும் ஆங்கிலேயர்கள் ஒழுங்கான பிரெஞ்சு முறைச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்பது அவருடைய கவலை. டப்பாவில் அடைத்து வரும் சாமான்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. நல்ல ஞானம் உள்ள மனிதர். ஆனால் நூல் போன பாதையை நினைத்துப் பாருங்கள். அடுப்படியில் நின்றவரை அவர் ராமசாமி என்று பொதுப்பெயரால் குறிப்பிடுகிறார். அந்த ராமசாமி இங்கிலீஷ் புத்தகம் படிப்பாரா? துரைசானி படிக்க வேண்டும். படித்ததைப் பட்லரிடம் சொல்ல வேண்டும். அது அரைகுறைத் தமிழிலும் அரைகுறை இங்கிலீஷிலும் அடுப்படிக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு ராமசாமி தமக்குத் தெரிந்ததைச் செய்திருப்பார். பாரிஸிலிருந்து புறப்பட்ட சாஸ் மயிலாப்பூர் வாசனையோடு மேசைக்கு வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

சமைக்கிறவளே படிக்கவும் தெரிந்தவளாக இருந்தால்? அப்போதாவது நல்ல நூல் ஜெயித்ததா என்றால், அதற்கும் இங்கிலாந்துச் சரித்திரத்தில் ஒரு கதை இருக்கிறது. எலைசா ஆக்டன் என்ற பெண்மணி முதலில் கவிதை எழுதினார். பிறகு வருஷக்கணக்கில் அடுப்படியில் பரீட்சை செய்து பார்த்து, 1845-ல் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். என்னென்ன சாமான், எவ்வளவு, எத்தனை நேரம் என்று ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் சுருக்கமாகத் தொகுத்துச் சொன்னவர் அவர். பதினாறு வருஷம் கழித்து, 1861-ல், இசபெல்லா பீட்டன் என்ற 25 வயதுப் பெண் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட குடும்ப நிர்வாக நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். சமையலில் அவருக்குப் பெரிய அனுபவம் கிடையாது. பத்திரிகை வாசகர்கள் அனுப்பியவற்றையும், பிறர் நூல்களில் இருந்தவற்றையும் தொகுத்தார். ஆக்டன் அம்மையாரின் நூலிலிருந்தும் தாராளமாக எடுத்துக்கொண்டார். பெரிய காரட்டை இரண்டு மணி நேரத்துக்குமேல் கூட வேகவைக்கச் சொன்னவர் அவர். முதல் வருஷத்தில் 60,000 பிரதிகள் விற்றன. பீட்டன் அம்மாள் 28 வயதில், 1865-ல், காலமானார். அவர் போன பிறகும் புத்தகம் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பெண்களுக்குப் பரிசாகப் போய்க்கொண்டே இருந்தது. சமைத்துப் பார்த்து எழுதியவரின் பெயர் மங்கியது. தொகுத்தவரின் பெயர் நிலைத்தது. பரிசு கொடுத்தவர்கள் காரட் வேகும் நேரத்தைச் சரிபார்த்தா வாங்கினார்கள்? ஒழுங்கான ஒரு குடும்பம் கனமான அட்டை போட்டுக் கிடைக்கிறதே என்று வாங்கினார்கள்.

இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர் எலிஸபெத் ராபின்ஸ் பென்னல். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் குடியேறிய எழுத்தாளர். 1890-களில் ஒரு பத்திரிகைக்குச் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போக, அதற்காகப் பழைய சமையல் நூல்களைத் தேட ஆரம்பித்தார். தேடியது சேர்ப்பாயிற்று, சேர்ப்பு பைத்தியமாயிற்று. 1903-ல் தம் சமையல் நூல்களைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். அதில் அவர் அந்த நூல்களை இலக்கியமாகவே படித்துப் பேசுகிறார். எந்த ஆசிரியரின் நடை நன்றாயிருக்கிறது, எவர் அபாரமாக அளக்கிறார், எவர் எவரிடம் திருடினார் என்பதுதான் விஷயம். அவர் சேர்த்தவற்றில் நானூறுக்கு மேற்பட்ட நூல்கள் இப்போது வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே அடுப்பு கிடையாது.

இவ்வளவும் கேட்ட பிறகு, சமையல் நூல் என்பதே ஓர் ஏமாற்று என்று சிலர் தீர்ப்பு எழுதிவிடலாம். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கறை படிந்த பக்கங்களின் கதையை இன்னும் நாம் பார்க்கவில்லை.

அதற்குச் சென்னைக்குத் திரும்ப வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் கெட்டிக்காரர் என்று உறவினரிடையே பேர் எடுத்தவர். கல்யாணமாகித் தூர தேசம் போன பெண்கள், “சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு?” “ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு?” என்று அவருக்குக் கடிதம் எழுதுவார்கள். அவரும் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் எழுதுவார். கடிதம் பெருகியது. “இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே போட்டுவிடேன்” என்று அவருடைய மாமா, வக்கீல் கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், சொன்னார். 1951-ல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. பெயரைக் கவனியுங்கள். அது அழைப்பு, கொஞ்சம் சவாலும்கூட.

அந்த வருஷங்களில் என்ன நடந்துகொண்டிருந்தது? டெல்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் உத்தியோகம் பார்க்கப் பிள்ளைகள் போனார்கள். இருபது வயதுகூட ஆகாத பெண்கள் பாத்திரப் பெட்டியோடு பின்னால் போனார்கள். அதுவரை சமையல் என்பது பார்த்துப் படிகிற கலை. பாட்டி அரைக்கும்போது பக்கத்தில் நின்றால் போதும். “உப்பு எவ்வளவு பாட்டி?” என்று கேட்டால், “வேணுங்கிற அளவு போடேன்!” என்று பதில் வரும். கையளவு, கண்ணளவு, வாசனையளவு. கரோல்பாக்கில் ஓர் அறைக் குடித்தனத்தில் தனியாக நிற்கிற பெண்ணுக்கு இந்த அளவுகளால் என்ன பிரயோஜனம்? அவளுக்கு ஆழாக்கு வேண்டும், பலம் வேண்டும், கடுகு வெடித்த பிறகு எது, அதற்குப் பிறகு எது என்று வரிசை வேண்டும். அத்தனையையும் மீனாட்சி அம்மாள் எழுதிக் கொடுத்தார். அப்பிசியஸ் எழுதாமல் விட்ட அளவுகள் அங்கே இருந்தன. பட்லரின் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எழுதியவரும் சமைத்தவர், படித்தவளும் சமைக்கிறவள். அடுத்தடுத்துப் பாகங்கள் வந்தன. 1958-லிருந்து கிலோவும் கிராமும் நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கியதும் பலமும் வீசையும் மெல்ல விடைபெற்றன. 1962-ல் மீனாட்சி அம்மாள் காலமானார். 1968-ல் நூல் இங்கிலீஷிலும் வந்தது. அமெரிக்கா போகிற பெட்டிகளில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது.

எங்கள் தெருவில் ஒரு மாமியிடம் அதன் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. அட்டை போய், பழுப்பு நிறக் காகிதத்தில் உறை போட்டுத் தைத்திருக்கிறார். ரசப்பொடிப் பக்கம் ஏறக்குறைய மஞ்சள் துணி மாதிரி ஆகிவிட்டது. மிளகாய்க்கு எதிரே பென்சிலால், “அவருக்குப் பாதி” என்று எழுதியிருக்கிறது. மாமாவுக்கு வயிற்றில் புண். மாமா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. மாமி இன்னும் பாதிதான் போடுகிறார்.

இதிலிருந்து எனக்குத் தெரிகிற விஷயம் ஒன்றுதான். சமையல் நூலைப் பார்த்து ஜனங்கள் உண்மையாகச் சமைப்பது, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாதபோது. பாட்டி இருக்கிற வீட்டில் அந்தப் புத்தகம் அலமாரியில் தூங்கும். பாட்டி இல்லாத வீட்டில் அதுவே பாட்டி. அப்படியானால் ஒருவருக்கு எத்தனை பாட்டி வேண்டியிருக்கும்? ஒன்று, இரண்டு. ஐம்பது நூல் வைத்திருப்பவரிடம் இரண்டில் மட்டும் கறை இருப்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, மீதி நாற்பத்தெட்டு எதற்கு?

‘சமைத்துப் பார்’ வருவதற்கு ஒரு வருஷம் முன்னால், 1950-ல், லண்டனில் எலிஸபெத் டேவிட் என்ற பெண்மணி மத்தியதரைக் கடல் நாட்டுச் சமையலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். யுத்தம் முடிந்து ஐந்து வருஷமாகியும் இங்கிலாந்தில் ரேஷன் தீரவில்லை, 1954-ல்தான் தீர்ந்தது. ஆலிவ் எண்ணெய் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குப் போக வேண்டும். காதில் விடுவதற்காகச் சிறு புட்டியில் விற்பார்கள். அந்தத் தேசத்தில் போய்க் கத்தரிக்காயும், பூண்டும், எலுமிச்சையும், படி படியாக ஆலிவ் எண்ணெயும் என்று ஒருவர் எழுதுகிறார்! யுத்தத்துக்குப் பின் வந்த கொடுங்குளிரில், ஒரு சிற்றூர் ஹோட்டலின் ருசியில்லாத சாப்பாட்டின் நடுவில், அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகள் அவை. வாங்கியவர்கள் அதைப் பார்த்துச் சமைக்கச் சாமான் கிடையாது. ஆனாலும் வாங்கினார்கள், படித்தார்கள். டெல்லிப் பெண்ணுக்குப் பாட்டி இல்லை. லண்டன் பெண்ணுக்கு எலுமிச்சம்பழம் இல்லை. இருவருக்கும் எது இல்லையோ அது புத்தகத்தில் இருந்தது.

இதைவிடப் பயங்கரமான உதாரணம் ஒன்று உண்டு. இரண்டாவது மகாயுத்தத்தின்போது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த இடங்களில் செக் நாட்டுத் தெரேசின் ஒன்று. அங்கே இருந்த ஸ்திரீகள் ராத்திரி வேளைகளில் கூடிச் சமையலைப் பற்றிப் பேசுவார்கள். வாயாலேயே சமைப்பது என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். முட்டை இத்தனை, வெண்ணெய் இவ்வளவு, இல்லை, என் அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று சண்டைகூட வருமாம். உருளைக்கிழங்குத் தோலுக்கு மனிதர்கள் அலைந்த இடத்தில்! மினா பாக்டர் என்ற மூதாட்டியிடம் அந்தப் பெண்களின் பாகங்கள் கைகளால் எழுதித் தைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. 1944-ல், யூதர்கள் உபவாசம் இருக்கும் புண்ணிய தினத்தில், அவர் அங்கேயே பசியால் இறந்துபோனார். இறப்பதற்கு முன் அதை ஒரு சிநேகிதரிடம் கொடுத்து, பாலஸ்தீனத்தில் இருக்கும் தம் மகளிடம் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். மகளின் விலாசம் கைவசம் இல்லை. அந்தப் பொட்டலம் கைமாறிக் கைமாறி, இருபத்தைந்து வருஷம் கழித்து, நியூயார்க்கில் மகளிடம் வந்து சேர்ந்தது. 1996-ல் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று.

அந்தப் பாகங்களில் சிலவற்றில் ஏதோ ஒரு சாமான் விட்டுப்போயிருக்கிறது. சிலவற்றில் நடுவில் ஒரு படி இல்லை. பட்டினியால் ஞாபகம் தளர்ந்தவர்கள் எழுதியது. அப்படியே சமைத்தால் பதம் வராது. எழுதியவர்களும் அங்கே சமைப்பதற்காக எழுதவில்லை. தங்களுக்கு ஒரு வீடு இருந்தது, மேசை இருந்தது, அதைச் சுற்றிக் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள், இன்ன பண்டிகைக்கு இன்ன பட்சணம் செய்தோம் என்பதைக் காகிதத்தில் நிறுத்திவைத்தார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை யாராவது எத்தனை தடவை பார்த்துச் சமைத்தார்கள் என்று கேட்க நமக்கு நாக்கு எழுமா?

இப்போது அந்தப் பாணனை நினைத்துக்கொள்ளலாம். உப்பில்லாக் கீரையைக் கதவடைத்துத் தின்ற வீட்டிலிருந்து வந்தவன், பீமன் எழுதிய நூலைப் பற்றி நாக்கில் நீர் ஊறப் பேசுகிறான். தெரேசின் பெண்களுக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த தூரம். பேச்சு ஒன்றுதான்.

என் அலமாரியிலுள்ள நாற்பத்தெட்டை அந்த நோட்டுப் புத்தகத்தோடு சமமாக வைக்க நான் துணியமாட்டேன். வயிறு நிறைந்தவர்கள் சௌக்கியமாகச் சாய்ந்துகொண்டு படிக்கிற விஷயம் இது. ஆனாலும் மத்தியான்னச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ஒரு பெண் பாயில் படுத்துக்கொண்டு காஷ்மீரத்துப் புலாவைப் பற்றிப் படிக்கிறாளே, அவளுக்கு எந்தப் பசி? குங்குமப்பூ விலைக்கு அவள் அதைச் செய்யப்போவதில்லை என்பது அவளுக்கே தெரியும். பார்க்காத ஊர், உட்காராத பந்தி, தனக்கு வாய்க்காத பெரிய குடும்பம், அல்லது வாய்த்துக் கலைந்துபோன குடும்பம் எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. நாலு கரண்டி நெய்யில் அரை மணி நேரம் அவள் அங்கே இருந்துவிட்டு வருகிறாள். அப்புறம் எழுந்து ராத்திரிக்குத் தோசை மாவு கரைக்கிறாள். கதை எழுதிப் பிழைக்கிற நான் அதைக் குறை சொன்னால் என் பிழைப்பையே குறை சொன்னதாகும்.

ஆகையால், கறை படாத சமையல் புத்தகம் வைத்திருப்பவர்கள் யாரும் வெட்கப்பட வேண்டாம். கறை பட்ட ஒன்றிரண்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். ஓரத்தில் இடம் இருந்தால், உங்கள் வீட்டு அளவு என்ன என்று ஒரு பென்சிலால் குறித்து வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு நாளில், அதை யாராவது ஒருவர் மேசைமேல் நிறுத்திக் கையை எடுப்பார்கள். ஏட்டுச் சுரைக்காய் அன்றைக்குக் கறிக்கு உதவும்.